கல்லூரி இன்டர்ன்ஷிப்: ராமநாதபுரம் கடலோரப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சில ஆண்டுகளாக இன்டர்ன்ஷிப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. மார்ச் பிறந்தாலே தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் என்று கரை முழுக்க இருந்து வரும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் வருகிறார்கள். இதுவரை வாய்ப்பேச்சாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐ.வி., இன்டர்ன்ஷிப், அப்ரண்டிஸ் மூன்றும் ஒன்றா?

இல்லை. ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) என்பது ஒரு தொழில் நிறுவனத்தை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவது. இன்டர்ன்ஷிப் என்பது படிக்கும்போதே சில வாரங்கள் ஓர் இடத்தில் இருந்து வேலையைக் கற்பது. அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டு, உதவித்தொகையோடு பெறும் பயிற்சி. பெரும்பாலும் படிப்பு முடிந்த பிறகுதான் அதற்குப் போவார்கள்.

நல்ல இன்டர்ன்ஷிப் வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகத்தான் வேண்டுமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். என் பதில்: முதல் இன்டர்ன்ஷிப்பை ஊர்ப்பக்கமே செய்யுங்கள்.

செலவு குறையும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இங்குள்ள வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். வடகடலுக்கும் (பாக் விரிகுடா) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) உள்ள வித்தியாசம், மேற்குக் காற்றான கச்சான் எப்போது எழும், வாடை எப்போது இறங்கும், எந்த மீன் எந்த வலையில் படும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே காதில் விழுந்த சங்கதிகள். தெரியாதது அளக்கும் பாதி. எத்தனை மில்லிமீட்டர், எத்தனை கிலோ, எந்தத் தேதி, அறிவியலில் அதற்கு என்ன பெயர்? கூடையில் 'காரல்' என்ற ஒரே பெயரில் கிடப்பது ஆய்வகத்து மேசையில் பல இனங்களாகப் பிரியும். கூடையையும் மேசையையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு எந்த இடத்திலும் மதிப்பு உண்டு. வெளியூரிலிருந்து வருபவருக்கு அந்த முதல் பாதியைக் கற்றுக்கொள்ளவே வருடங்கள் ஆகும்.

கேட்டுப் பார்க்க இடங்களும் இருக்கின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கியபின் மண்டபத்தைத்தான் தலைமையிடமாக வைத்திருந்தது. 1971-இல் தலைமையிடம் கொச்சிக்குப் போனாலும் மண்டபம் மையம் இன்றும் இயங்குகிறது. கடல் விறால் (கோபியா) மீன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கும் முயற்சி நம் நாட்டில் முதலில் வெற்றி பெற்றது அங்கேதான், 2010-இல். கடற்பாசிக்கென்றே மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் மண்டபத்தில் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் பார்த்துக்கொள்வது வனத்துறை. காரங்காடு அலையாத்திக் காட்டில் ஊர் மக்களோடு சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துவதும் அவர்கள்தான்.

விலங்கியலும் தாவரவியலும் படிப்பவர்களுக்கு மட்டுமே இடம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வேதியியல் மாணவருக்கு வாலிநோக்கம் உப்பளம் ஒரு திறந்தவெளி ஆய்வகம். கடல் நீர், உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவில் மூன்று மூன்றரை டிகிரியில் உள்ளே வந்து, பாத்தி பாத்தியாக வற்றி, 25 டிகிரியை நெருங்கும்போது உப்பாகப் படியத் தொடங்கும். அதைப் புத்தகத்தில் படிப்பதும், வெயிலில் நின்று ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பதும் ஒன்றாகாது. இதழியல் மாணவர் பாம்பனில் மீனவர்களுக்காக ஒலிபரப்பும் 'கடல் ஓசை' சமுதாய வானொலியில் கேட்டுப் பார்க்கலாம். சமூகப்பணி, உளவியல் படிப்பவர்களுக்கு, மனநலம் வேண்டி மக்கள் வந்து தங்கும் ஏர்வாடி தர்கா இருக்கிறது. வணிகவியல் என்றால் ஆடிட்டர் அலுவலகம், மீன் ஏற்றுமதி நிறுவனம், கூட்டுறவுச் சங்கம்.

எந்த மாதத்தில் போவது?

இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கல்லூரி விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருகிறது. நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் வரத்தைப் படிக்க வேண்டும் என்று மே மாதம் இறங்குதளத்துக்குப் போனால் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கண்ணில் படும். விசைப்படகு மீன் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் 15-க்குப் பிறகு நாள் வாங்குங்கள்.

ஆனால் மெக்கானிக்கல் மாணவருக்கு அந்த 61 நாள்தான் பொன்னான காலம். படகுகள் கரையேறி நிற்கும். இன்ஜினை இறக்கிப் பிரிப்பார்கள், புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுவார்கள், வெல்டிங் பொறி பறக்கும். மற்ற மாதங்களில் தண்ணீருக்குள் இருக்கும் பாகங்களெல்லாம் அப்போது கண்ணெதிரே கிடக்கும். ஒரு பட்டறை மேஸ்திரியிடம் நாற்பது நாள் உதவிக்கு நின்ற பையனை, டீசல் இன்ஜின் பற்றிய கேள்வியில் எந்த எக்ஸ்டர்னலும் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) மடக்க முடியாது.

பாசி வளர்ப்புக்கு இன்னொரு நல்ல பொருத்தம் இருக்கிறது. கரையில் 'பெப்சி பாசி' என்று சொல்கிறோமே, அந்த கப்பாஃபைகஸ் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் வளர்ந்து அறுவடைக்கு வர ஏறக்குறைய 45 நாள் ஆகும். இன்டர்ன்ஷிப்பும் 45 நாள் என்றால், விதைப்பாசி கட்டும் அன்று கயிற்றை எடைபோட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்து, அறுவடை எடையோடு முடிக்கலாம். ஒரு முழுச் சுற்று உங்கள் கண் முன்னால் நடந்திருக்கும். இதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல் படர்ந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதையும் படியுங்கள், மிதவை கட்டும் அக்காமாரிடம் அவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். இரண்டு பக்கமும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் வெளிவேலை இன்டர்ன்ஷிப் வைக்காதீர்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் நாலு நாள் வீட்டில்தான்.

விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதுவது?

'தங்கள் மதிப்பிற்குரிய நிறுவனத்தில் பயிற்சி பெற ஆவலாக உள்ளேன்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. நீங்கள் யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வருவீர்கள், என்ன தெரியும், என்ன கற்க வேண்டும் என்ற நாலும் போதும். போன வருடம் ஒரு மாணவிக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

'ஐயா, நான் மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி. ஊர் பாம்பன். அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்கிறார். ஜூன் 16 முதல் ஜூலை 30 வரை 45 நாளும் முழுநேரமாக வர முடியும். மீன், நண்டுகளை உள்ளூர்ப் பெயரில் பிரித்தறியத் தெரியும். அவற்றை அறிவியல் பெயரோடு பொருத்தவும் முறையாக அளக்கவும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.'

'அப்பா தொழில் செய்கிறார்' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். கூடாது என்றேன். அந்தக் கடிதத்தில் கனமான வரியே அதுதான்.

கல்லூரியிடமிருந்து போனஃபைடு (அங்கே படிக்கிறீர்கள் என்ற சான்று), துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் இரண்டையும் இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கி வையுங்கள். அரசு அலுவலகங்களில் கோப்பு நகரக் காலம் பிடிக்கும். பத்து நாளில் பதில் வராவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள். ராமநாதபுரத்திலிருந்து மண்டபத்துக்கு பஸ்ஸில் போய்க் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

சர்டிபிகேட்டுக்குப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசு ஆராய்ச்சி நிலையங்களில்கூடப் பயிற்சிக் கட்டணம் இருக்கலாம். அது நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது வரும், அங்கே வேலையும் இருக்கும். 'வரவே வேண்டாம், தம்பி. இரண்டாயிரம் ஜிபே பண்ணுங்க, சர்டிபிகேட் வாட்ஸ்அப்பில் வந்துடும்' என்று சொல்பவர்கள் வேறு வகை. அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

இதில் எனக்கு வலி இருக்கிறது. நான் படித்தபோது ஒரு நகரத்து நிறுவனத்தில் முப்பது நாள் இருந்தேன். பழைய பில்களை அடுக்கி நம்பர் போடும் வேலையைத் தவிர எதையும் காட்டவில்லை. கடைசி நாள் சர்டிபிகேட்டுக்குப் பணம் கேட்டார்கள். அம்மா மீன் விற்ற காசை அனுப்பித்தான் அதை வாங்கினேன். வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'பத்தாவது நாள் என்ன வேலை பார்த்தீர்கள்?' என்னிடம் பதில் இல்லை. காசு கொடுத்து வாங்கிய காகிதம் மேசைமேல் கிடந்தது. நான் நோட்டுப் பழக்கத்துக்கு வந்தது அன்றுதான்.

என்ன நோட்டு? ரெக்கார்டு நோட்டா?

இல்லை, சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு. ரெக்கார்டு நோட்டு வீட்டில் உட்கார்ந்து அழகாக எழுதுவது. இதை நின்ற இடத்திலேயே எழுத வேண்டும். பேனா வேண்டாம், பென்சில் போதும். கடல் தண்ணீர் பட்டால் பேனா மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.

மேலே சொன்ன மாணவியின் நோட்டில் ஒரு பக்கம்:

'ஜூலை 4, காலை 5.40. வடகடல் பக்கம். காற்று கச்சான். தென்கடல் கலங்கிக் கிடப்பதால் இங்கே கூட்டம். நாட்டுப்படகு 7. மூன்றாவது படகில் நீலக்கால் நண்டு 11 கிலோ. சினை நண்டு 9. திரும்பக் கடலில் விடுவீர்களா என்று கேட்டேன். "வலையில காலு சிக்கினா ஒடிச்சுத்தான் எடுக்கணும், அப்புறம் எங்கிட்டு விடுறது" என்றார் ஒரு அண்ணன். ஓட்டின் அகலம் அளந்தது 20 நண்டு. அளவு அடுத்த பக்கம்.'

இந்த ஒரு பக்கத்தில் தேதி இருக்கிறது, காற்று இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, ஒரு மனிதரின் சொல்லும் இருக்கிறது. ஒன்பது சினை நண்டு என்ற எண் அவளை உறுத்தியது. மறுநாளிலிருந்து எல்லாப் படகிலும் சினை நண்டைத் தனியாக எண்ண ஆரம்பித்தாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவளுடைய ரிப்போர்ட்டே அந்த எண்ணிக்கையாகத்தான் முடிந்தது.

ஒவ்வொரு நாளும் இரவில் ஐந்து நிமிடம் அன்றைய பக்கத்தைப் படித்துப் பாருங்கள். புரியாமல் நின்ற ஒன்றுக்கு அடியில் கோடு போடுங்கள். மறுநாள் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

டீ வாங்கச் சொல்கிறார்கள், ஜெராக்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

முதல் வாரம் செய்யுங்கள். டீ கொடுக்கப் போகும்போதுதான் யார் எந்த மேசையில் என்ன வேலை பார்க்கிறார் என்பது தெரியும். ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம், சென்னை எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்ததும் பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, விமான இன்ஜின்களைப் பிரித்துச் சீரமைக்கும் பிரிவில்தான் வேலை பழகினார். கை அழுக்காகும் வேலை கற்றுத்தரும் வேலை.

ஆனால் பதினைந்தாவது நாளும் டீதான் என்றால் வாய் திறக்க வேண்டும். 'சார், வேலை எதுவும் கொடுக்க மாட்டீர்களா?' என்று கேட்டால் அவருக்குக் கொடுக்க ஒன்றும் தோன்றாது. இரண்டு வாரம் சுற்றிப் பார்த்ததில் தேங்கிக் கிடக்கும் வேலை ஒன்றைக் கண்டுபிடித்து, 'சார், போன வருட அளவுத் தாள்கள் கட்டிலேயே கிடக்கு. நான் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரட்டுமா?' என்று கேளுங்கள். எந்த அதிகாரியும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்ததில்லை.

யாரை எப்படிக் கூப்பிடுவது?

சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் முதல் நாள் எல்லோரும் தடுமாறுவது இதில்தான். அலுவலகத்தில் சார், மேடம். கரையில் அது ஒட்டாது. படகுக்காரரை அண்ணே என்றும் வயதானவரை ஐயா என்றும் கூப்பிடுங்கள். பாசி எடுக்கும் பெண்களை அக்கா என்று அழையுங்கள். கீழக்கரைக் கடைகளில் காக்கா (அண்ணன்) என்றால் முகம் மலரும். சம்மாட்டி யார், டிரைவர் யார் என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். படகுக்கு முதல் போட்டவரும் படகை ஓட்டிப் போகிறவரும் வேறு வேறு ஆட்கள், அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் வேறு. ஏலம் ஓடும்போது யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். அந்தச் சில நிமிடங்களில்தான் அவர்களுடைய அன்றைய கூலி முடிவாகிறது.

எனக்கு இங்கிலீஷ் வராது. அங்கே எல்லோரும் இங்கிலீஷில் பேசினால்?

மண்டபத்தில் விஞ்ஞானிகள் பல மாநிலத்துக்காரர்கள், இங்கிலீஷ் கலந்துதான் பேசுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தத் துறையின் ஐம்பது அறுபது சொற்கள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் போடுங்கள்: நம் சொல் ஒரு பக்கம், அவர்கள் சொல் மறு பக்கம். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று நாம் சொல்லும் மூன்றுக்கும் ஜெலிடியெல்லா, சர்காசம், கிராசிலேரியா என்று அவர்கள் பக்கத்தில் இருக்கும். மூன்று வாரத்தில் அந்தப் பட்டியலை அங்கிருப்பவர்களே உங்களிடம் கேட்டு வாங்குவார்கள். நடந்திருக்கிறது.

நான் பி.சி.ஏ. கடற்கரையில் எனக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. ஒரு மாணவி உள்ளூர் மீன் வியாபாரியிடம் இன்டர்ன்ஷிப் கேட்டுப் போனாள். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, ஏல விலை, ஐஸுக்கும் டீசலுக்கும் கொடுத்த முன்பணம், கழிவு போக மீதி என எல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. அதை போனில் பதியும்படி செய்தாள். முதல் வாரமே யாரும் தொடவில்லை. ஈரக்கையில் போன் திரை வேலை செய்யவில்லை, எழுத்தும் வெயிலில் தெரியவில்லை. அவள் விடாமல் இறங்குதளத்தில் நின்று பார்த்து, பொத்தான்களைப் பெரிதாக்கி, மீன் பெயர்களைத் தமிழில் போட்டு, பதிவதைக் கரையிலிருந்து கடைக்குள் மாற்றினாள். கணினி ஆய்வகத்துக்குள் இருந்திருந்தால் ஈரக்கை என்ற பிரச்சினை இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கும் பகுதி, அலை உயரம் பற்றி அறிவிப்புகள் வெளியிடுகிறது. அது உங்கள் ஊர்ப் படகுக்கு எத்தனை மணிக்கு, எந்த வழியில் வந்து சேருகிறது என்று தேடிப் பார்ப்பதே ஒரு நல்ல புராஜெக்ட்.

பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

பெற்றவர்களின் பயம் நியாயமானது. 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லி அனுப்புகிற ஆள் நான் இல்லை. முதல் நாள் அம்மாவோ அண்ணனோ கூடவே போய் இடத்தைப் பார்த்துவரட்டும். பஸ் நேரத்தை ஒட்டி வேலை நேரத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விடியற்காலை இறங்குதளத்துக்கு இருவராகப் போகட்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பொருந்தும், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். பத்துப் பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சின்ன இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181. ஏதாவது நடந்தால் இன்டர்ன்ஷிப் மார்க் போய்விடுமோ என்று பயந்து பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வதுதான் எனக்குப் பெரிய கவலை. மார்க்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியது எங்கள் பொறுப்பு. முதலில் வீட்டிலும் எங்களிடமும் சொல்லுங்கள்.

ஸ்டைபண்ட் கிடைக்குமா?

ஊர்ப்பக்க இடங்களில் பெரும்பாலும் கிடைக்காது. பஸ் காசாவது தருவார்களா என்று தயங்காமல் கேளுங்கள். 2024-இல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதாமாதம் உதவித்தொகை என்று கேள்விப்பட்டு ஓடி வருகிறார்கள். தொடங்கியபோது அது முழுநேரக் கல்லூரி மாணவர்களுக்காக வந்ததில்லை, படிப்பை முடித்தவர்களுக்காக வந்தது. தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்ட வாய்ப்புகள் கல்லூரி வழியாக வரும், உங்கள் பொறுப்பாசிரியரிடம் விசாரியுங்கள்.

ரிப்போர்ட்டில் எத்தனை பக்கம் வேண்டும்?

பக்கத்தை எண்ணாதீர்கள். நிறுவனத்தின் வரலாற்றை வலைத்தளத்திலிருந்து எடுத்து இருபது பக்கம் நிரப்புவதை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு கேள்வி, அதற்கு நீங்களே சேர்த்த அளவுகள், அவை காட்டுவது என்ன, எங்கே தவறியிருக்கலாம் என்று எழுதினால் பன்னிரண்டு பக்கம் போதும். நாலு நாள் காய்ச்சலில் போகவில்லை என்றால் அட்டவணையில் அந்த நாலு நாளைக் காலியாகவே விடுங்கள்.

போன இடம் பிடிக்கவில்லை. பாதியில் விட்டுவிடலாமா?

ஆபத்தோ அவமானமோ என்றால் அன்றே விடுங்கள். சலிப்பு என்றால் மூன்று வாரம் பொறுங்கள்.

கடைசி நாள் என்ன செய்ய வேண்டும்?

சர்டிபிகேட்டில் பெயர், தேதிகள், நீங்கள் பார்த்த வேலை மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். 'பயிற்சி பெற்றார்' என்று மட்டும் இருந்தால், என்ன வேலை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். நீங்கள் ஏற்றிய தரவையும் அதை எப்படிப் படிப்பது என்ற ஒரு தாளையும் அங்கே விட்டு வாருங்கள்.

கரையில் தகவல் தந்தவர்களை மறந்துவிடாதீர்கள். ரிப்போர்ட் முடிந்ததும், நண்டு எண்ணிய அந்த விலங்கியல் மாணவி ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு விடியற்காலை வடகடல் பக்கம் போனாள். வலை உதறிக்கொண்டிருந்தவர்களிடம் அட்டவணையைத் தமிழில் படித்துக் காட்டினாள். ஜூலை 4-இல் பேசிய அந்த அண்ணன், 'இது நம்ம படகு கணக்கா?' என்று கேட்டு, கையை லுங்கியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார்.